டீசல் குழாயில் நின்ற மூச்சு

மூச்சாக உள்ளே வருகிறவனே, மூச்சாக வெளியே போகிறவனே, வருவதற்கும் போவதற்கும் நடுவே ஒரு கணம் ஒன்றும் செய்யாமல் நின்று பார்க்கிறவனே, அசையாத இரும்பை அசைப்பதும் அசைகிற நெஞ்சை நிறுத்துவதும் உனக்கு ஒரே விளையாட்டாய் இருக்க, இரண்டுக்கும் முன்னால் கைகட்டி நிற்பதையே எங்கள் தொழிலாய் வைத்த எம்பெருமானே, சொல்லுகிற நாவில் பிழை வராமலும் கேட்கிற செவியில் சலிப்பு வராமலும் இந்தக் கதை முடிகிற வரைக்கும் பக்கத்தில் இரு.

பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்தில், தார்ச்சாலை முடிந்து, ஓர் ஓடையைத் தாண்டி, களிமண் வண்டிப்பாதையில் அரை மைல் நடந்தால் வருகிற காரைமேடு என்னும் முப்பத்திரண்டு வீட்டுச் சிற்றூரில் மருதைமுத்து என்று ஒருவர் இருந்தார். அவர் வீட்டு முற்றத்துத் தகரச் சாய்ப்பின் கீழே, நீலம் வெளுத்துச் சாம்பலாகிப்போன பழைய டிராக்டர் ஒன்று, கொக்கி கழற்றாத டிரெய்லரைப் பின்னால் சுமந்தபடி, பதினொரு மாதமாக அசையாமல் நின்றது. ஊரிலேயே டிராக்டர் அது ஒன்றுதான். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வேண்டிய முள், அந்த வண்டி வாங்கிய மூன்றாம் வருஷமே செத்துவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று மருதைமுத்துவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் அவருடைய மனைவி அகிலாண்டம் தினமும் விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு, விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி டாங்கில் விட்டு எடுத்து, நனைந்த இடத்தை விரலால் அளந்து, "நாலு விரக்கடை" என்றோ "ரெண்டு விரக்கடைதான் இருக்கு, ஊத்திட்டுப் போங்க" என்றோ தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவாள். அதைக் கேட்ட பிறகுதான் மருதைமுத்து சாவியைத் திருப்புவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த டாங்கு ஒரு பொழுதும் வறண்டதில்லை. வறண்டால் என்ன ஆகும் என்பது அதனாலேயே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

போன ஐப்பசியில், நாலு நாள் மழை விடாமல் பெய்து ஓடை பெருகிக் கிடந்த ஒரு காலையில், அகிலாண்டத்துக்கு நெஞ்சில் வலி வந்தது. அன்று குச்சியை டாங்கில் விட ஆளில்லை. ஆம்புலன்ஸ் வண்டி சேற்றில் இறங்க முடியாமல் ஓடைக்கு அந்தக் கரையில் நின்றுவிட்டதென்று செய்தி வர, மருதைமுத்து டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, மனைவியைப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டுக் கொளஞ்சியைத் துணைக்கு மட்கார்டில் உட்காரவைத்து, தாமே ஓட்டிக்கொண்டு போனார். ஓடைக்கு அரைப் பர்லாங்கு இருக்கையில் என்ஜின் இரண்டு முறை இருமிற்று, நின்றது. ஸ்ட்ரெச்சரோடு ஆட்களை அழைத்துவரக் கொளஞ்சி ஓடினார். மருதைமுத்து கேனில் இருந்த டீசலை டாங்கில் ஊற்றிவிட்டு, பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்கு டீசல் ஏற்றுகிற கைப்பம்பை அடித்தார், அடித்தார், அரைமணி நேரம் அடித்தார். பின்னால் அவள் ஏதோ சொன்னது போலிருந்தது. கொளஞ்சி ஆட்களோடு திரும்பி வந்தபோது என்ஜினும் ஓடவில்லை, அகிலாண்டத்தின் மூச்சும் ஓடவில்லை.

என்ன சொன்னாள் என்பது மட்டும் மருதைமுத்துவுக்குத் தெரியவில்லை. ஒரு ஜோடி மாடு கட்டி டிராக்டரை இழுத்து வந்து சாய்ப்பில் விட்டார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. வைக்கோல் கூட டிரெய்லரிலேயே கிடந்து மக்கிற்று. அவர் அதன் பக்கம் போகவில்லை. சோற்றில் கை வைக்கும்போதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று அந்த ஒன்றையே அவர் உள்ளம் உருத்திராட்சம் உருட்டுவது போல உருட்டிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் மழை வந்தது. இரண்டு நாள் பெய்து, நின்று, கரிசலை உழவுக்கென்றே பிசைந்து வைத்தது போல் பதமாக்கிவிட்டுப் போயிற்று. மக்காச்சோள விதை முப்பத்திரண்டு வீட்டிலும் இருந்தது. பதம் நிற்பதோ நாலே நாள். ஓடை மறுபடியும் பெருகிவிட்டதால் வெளியூர் டிராக்டர் எதுவும் இந்தக் கரைக்கு வர வழியில்லை. ஊரார் ஒவ்வொருவராக மருதைமுத்துவின் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. கொளஞ்சிதான், நோயாளியை விசாரிப்பது போல, "என்னண்ணே, வண்டி நல்லாருக்கா?" என்றார்.

மருதைமுத்து, "கமால் பாய்க்குச் சொல்லி விடு" என்றார்.

தார்ச்சாலை முக்கில் பட்டறை வைத்திருக்கிற கமாலுதீன், சாமான் பையையும் பேட்டரியையும் தலையில் வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் ஓடையைக் கடந்து வந்து சேர்ந்தார். அவர் டாங்கைக் கழற்றிக் கசடைக் கழுவினார். ஃபில்டர் இரண்டையும் மாற்றினார். வால்வு மூடியைத் திறந்து, முன்புறம் கம்பி மாட்டி என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்து, பிஸ்டன் இறுகவில்லை என்று கண்டு பெருமூச்சு விட்டார். எலி கடித்த ஒயருக்கு வேறு ஒயர் கொடுத்தார். பொழுது உச்சிக்கு வந்தபோது, புது டீசலை ஊற்றி, கைப்பம்பை நாலு அடி அடித்து, காதை வைத்துக் கேட்டு, "அண்ணே, வேற ஒண்ணுமில்ல. காத்து புடிச்சிருக்கு" என்றார்.

முற்றத்தில் நின்ற பெண்களில் இருவர் அதைக் கேட்ட மாத்திரத்தில் போய் ஆளுக்கு ஒரு கொத்து வேப்பிலையோடு திரும்பி வந்தார்கள். "அந்தக் காத்து இல்லம்மா!" என்று கமாலுதீன் தலையில் அடித்துக்கொண்டார். "டாங்கு வறண்டா குழாய்க்குள்ள காத்து போயிரும். அதை எடுத்தாத்தான் டீசல் என்ஜினுக்குள்ள பீச்சுற நாசிலுக்குப் போகும். இந்தத் திருகைத் தளர்த்திட்டுப் பம்பு அடிக்கணும். தளர்த்தாம அடிச்சா காத்து உள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

"தளர்த்தணுமா?" என்று மருதைமுத்து கேட்டார்.

"ஆமா. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர். ரெண்டு நிமிச வேலை."

ரெண்டு நிமிச வேலை என்பதைக் கேட்டு அவர் சாய்ப்பின் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கமாலுதீன் ஃபில்டரின் தலையில் இருந்த திருகைத் தளர்த்தி, பம்பை அடித்தார். டீசல் நுரைத்து வந்தது. நுரையில் ஒரு குமிழி நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்து, வெயிலில் ஏழு நிறமும் காட்டி, உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து அகிலாண்டத்தின் குரல், கொஞ்சம் மூச்சு முட்டினாற்போல், ஆனால் தெளிவாக, "டீசல் அளந்தீங்களா?" என்றது.

யாரும் அலறவில்லை. பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பை இழுத்து நேராகப் போட்டுக்கொண்டாள், வீட்டுக்கு உரியவள் வந்துவிட்டால் செய்வது போல. அகிலாண்டத்தின் தங்கை தையல்நாயகி, "அக்காதான். அன்னிக்கி அத்தனை வலியிலயும் கேட்டிருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கலந்துவந்து டிராக்டரின் முன்சக்கரத்தருகே வைத்தாள். கமாலுதீன் கையைத் துணியில் துடைத்து, "அண்ணே, இன்னும் இருக்கு. எடுக்கவா?" என்று கேட்டார். மருதைமுத்து தலையசைத்தார்.

அப்புறம் குமிழிகள் வந்தன. அன்று டிரெய்லர் தெருவில் போன வரிசையிலேயே வந்தன. என்ஜின் இரைச்சலில் ஒருவர் காதிலும் விழாமல் போன சொற்களெல்லாம், அந்தந்த வீட்டுக்காரர் பெயரோடு, பதினொரு மாதம் பிந்தி வந்து சேர்ந்தன.

"கொளஞ்சி, ஒன் வெள்ளாடு அவுத்துக்கிட்டு நிக்குது பாரு."

"அந்த ஆடு ஆடிப் பதினெட்டுக்குக் கொழம்பா ஆயிருச்சே அக்கா!" என்று கொளஞ்சி நுரையைப் பார்த்துப் பதில் சொன்னார், ஆனாலும் மனம் கேட்காமல் வீட்டுக்கு ஓடிப்போய், இல்லாத ஆட்டின் கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்.

கோயிலைத் தாண்டிய இடத்தில், "தாயே, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன், பாத்துக்க" என்று வந்தது.

"நான்தான் எறக்கி வச்சேன்," என்றாள் தையல்நாயகி.

"அப்ப அவ அனுப்பித்தான் நீ போயிருக்கே," என்றார் மாரியம்மனுக்குப் பூசை செய்கிற சொக்கலிங்கப் பண்டாரம், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

தெருக் கடைசியில் சின்னப்பொண்ணு என்று ஒருத்தி. வாய்க்கால் வரப்பில் தொடங்கிய ஒரு சண்டையில் அகிலாண்டத்தோடு மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவள். அன்று டிரெய்லர் போகையில் வாசலில் நின்று பார்த்தவள். ஒரு சொல் கேட்கவில்லை. அவளுக்கு வந்த குமிழி, "சின்னப்பொண்ணு, உள்ள போ. மழையில நனையுற" என்றது. சின்னப்பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "எனக்கா? எம் பேருதானா? பாய், இன்னொரு தடவை எடுங்க" என்றாள். "ஒடஞ்ச குமிழி ஒடஞ்சதுதாம்மா," என்று கமாலுதீன் சொல்ல, அவள் தன் முற்றத்துக்குத் திரும்பிப்போய், நல்ல வெயிலில், நனைந்தவளைப் போலத் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றாள்.

பொழுது சாய ஃபில்டரில் காற்று தீர்ந்து டீசல் சுத்தமாக வந்தது. அன்று ஊரில் பேச்செல்லாம், அவளுடைய குரல் எப்படி வந்தது என்பதைப் பற்றி இல்லை. இனி என்ன முறை செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான். மூச்சு போகாதவளுக்குக் கருமாதி செய்தது செல்லுமா, செல்லாதா? தெருவில் ஒரு மூச்சு பிரியாமல் கிடக்கும்போது கோயிலைத் திறக்கலாமா?

"ஒடம்பு போயிப் பதினோரு மாசம் ஆச்சு. இன்னும் என்னய்யா தீட்டு?" என்றார் கொளஞ்சி.

"ஒடம்புக்குச் செஞ்சாச்சு. மூச்சுக்கு யாரு செஞ்சா?" என்றார் பண்டாரம்.

"அப்ப தலைத்திதி? அடுத்த மாசம் வருதே?"

"அதான் எனக்கும் ஓடல."

ஓடவில்லையென்றாலும் ஒரு முடிவு வேண்டுமல்லவா. கோயிலின் இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் சாத்தி, ஒன்றைத் திறந்து வைத்து, மணியின் நாக்கில் துணி சுற்றி அடிப்பது என்று பண்டாரம் தீர்மானித்தார். ஊரும் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, அந்த அரைக்கதவு வழியே உடம்பைச் சாய்த்து நுழைந்து கும்பிட்டது.

இரண்டாம் நாள் காலையில் பம்பின் திருகு. அதைத் தாமே திறக்கிறேன் என்று மருதைமுத்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். ஊர் முழுவதும் முற்றத்தில் இருந்தது. தெரு முடிந்து, வண்டிப்பாதையும் முடிந்து, என்ஜின் நின்ற இடத்துக் காற்று இது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் குமிழி, "என்னங்க" என்றது.

அடுத்தது, "வண்டி கெடக்கட்டும். இங்க வாங்க" என்றது.

மூன்றாவது குமிழி உடைந்தபோது கேட்டது அவளுடைய குரல் இல்லை. மருதைமுத்துவின் குரல், பம்பு அடிக்கிற இரைப்போடு, பல்லைக் கடித்துக்கொண்டு, "இரு, இதோ ஆச்சு" என்றது.

"என்னங்க, இங்க வந்து உக்காருங்க."

"இதோ ஆச்சு."

"இங்க வாங்களேன்."

"இதோ ஆச்சு அகிலாண்டம், இதோ ஆச்சு."

ஒன்பது முறை அவள் கூப்பிட்டிருந்தாள். ஒன்பது முறையும் அவர் பதில் சொல்லியிருந்தார். கேட்கவில்லை என்று நினைத்திருந்தவர், கேட்டுத்தான் இருந்திருக்கிறார். பதிலும் சொல்லித்தான் இருந்திருக்கிறார். சொன்னது நெஞ்சுக்குப் போகாமல் நாக்கோடு நின்றுவிட்டதால் நினைவில் தங்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்க்காமல், ஒருவர் தகரத்தையும் ஒருவர் கால்விரலையும் ஒருவர் காப்பி டம்ளரில் மிதந்த எறும்பையும் பார்த்தார்கள். மருதைமுத்து திருகை இறுக்கினார். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, மாட்டுத்தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, பம்பு முடிஞ்சுது. மூணு நாசில் நட்டுதான் பாக்கி" என்று கமாலுதீன் மெல்லச் சொன்னார். "அதைத் தளர்த்திட்டு சாவி போட்டா எடுத்துரும். கொஞ்சக் காத்துதான்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு மூச்சு இருக்கும்."

"வேணாம் பாய்."

திறந்தால், அவள் கடைசியாக என்ன சொல்லித் திட்டினாள் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதோடு எப்படி இருப்பது? திறக்காவிட்டால் முப்பத்திரண்டு வீட்டின் வெள்ளாமையும் போகும். போன பிறகு அந்த ஊரில் எப்படி இருப்பது? திறந்தால் அவள் முழுக்கப் போய்விடுவாள் என்பதும் இருந்தது. அதை அவர் நினைக்கக்கூட இல்லை; தண்ணீருக்கு அடியில் கல் கிடப்பது போல அது எல்லா நினைப்புக்கும் அடியில் கிடந்தது.

மூன்றாம் நாள் முழுவதும் வெயில் காய்ந்தது. மேல்மண் வெளுக்கத் தொடங்கிற்று. ஊரார் வந்து உட்கார்ந்து, மாட்டுக்கு மடிவீக்கம் வந்ததைப் பற்றியும், பெண்ணுக்கு வரன் வந்ததைப் பற்றியும், உலகத்தில் உழவு என்ற ஒன்றே இல்லாதது போலப் பேசிவிட்டு எழுந்து போனார்கள். இப்படிக் கேட்காமலிருந்தது, கேட்பதைக் காட்டிலும் அவரை வதைத்தது. "அந்த மூணு நட்டுக் காத்தையும் ஒரு பாட்டில்ல புடிச்சு மூடி வச்சுட்டா என்ன பாய்? வண்டியும் ஓடும், அக்காவும் இருக்கும்" என்று கொளஞ்சி ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார். "பாட்டில்ல டீசலைத்தான் புடிக்க முடியும்," என்றார் கமாலுதீன். ஓடை வடியாததால் அவர் கொளஞ்சி வீட்டிலேயே தங்கி, ஐந்து வேளையும் அவர்கள் களத்துமேட்டில் பாய் விரித்துத் தொழுதுகொண்டு, சாமான் பையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். கோயில் மணி துணிக்குள்ளிருந்து தொப், தொப் என்று அடித்தது.

நாலாம் நாள் காலையில் தையல்நாயகி ஒரு கைப்பிடி மண்ணோடு வந்தாள். அதை மருதைமுத்துவின் முன்னால் நீட்டி, விரலை மடக்கிப் பிசைந்து, திறந்து காட்டினாள். மண் உருண்டையாக நிற்கவும் செய்தது, ஓரத்தில் உதிரவும் செய்தது.

"இன்னிக்குப் பொழுது வரைக்கும்தான் மாமா."

"தெரியுது."

"தெரிஞ்சு உக்காந்திருக்கீங்க."

"என்னைய என்ன பண்ணச் சொல்ற? அவ என்னைய வஞ்சுக்கிட்டே போனான்னு ஊரு கேக்கணுமா? நான் கேக்கணுமா? என்னால முடியல தாயி. நட்டுல கைய வைக்கவும் முடியல. வைக்காம இருக்கவும் முடியல. அன்னிக்கும் ஒண்ணும் பண்ண முடியல, இன்னிக்கும் ஒண்ணும் பண்ண முடியல."

தையல்நாயகி மண்ணை உதறிக் கையைச் சேலையில் துடைத்தாள். அழுகையை அடக்குகிறபோது அவளுக்குக் கோபம்தான் வரும்.

"அக்கா உங்களைய என்ன பண்ணச் சொன்னுச்சு? வண்டியச் சரி பண்ணச் சொன்னுச்சா? ஒம்போது தரம் கூப்பிட்டுச்சு. இங்க வந்து உக்காருங்கன்னுச்சு. அது ஒண்ணைத்தானே கேட்டுச்சு. நாலு நாளா நீங்களும் பாயும் அந்த என்ஜின் மூஞ்சியிலயே நிக்கிறீங்களே மாமா, பின்னால டிரெய்லர் பக்கம் ஒரு தரமாச்சும் திரும்பினீங்களா? கூப்பிட்டதுக்கு நீங்க இன்னும் போகலியே!"

மருதைமுத்து இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். கமாலுதீனின் கையில் கொடுத்தார். டிராக்டரின் சூடில்லாத பக்கவாட்டைத் தடவிக்கொண்டே, பின்னால் நடந்து, டிரெய்லரின் தட்டியில் கால் வைத்து ஏறி, மக்கிய வைக்கோலின் மேல், அன்று அவள் தலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எடுங்க பாய்" என்றார்.

கொளஞ்சி சீட்டில் ஏறினார். கமாலுதீன் பிஸ்மில்லா சொல்லி முதல் நாசில் நட்டைத் தளர்த்தினார். சாவி திரும்பிற்று; செல்ஃப் முனகி முனகி என்ஜினைச் சுற்ற, நட்டின் இடுக்கில் டீசல் துப்பி, நுரைத்து, ஒரு சிறு குமிழி உடைந்தது. குரல் என்ஜினிலிருந்து வரவில்லை. டிரெய்லரில், வைக்கோலுக்கு ஒரு சாண் மேலேயிருந்து வந்தது.

"வந்துட்டீங்களா?"

அன்று அவள் அதை யாரைப் பார்த்துச் சொன்னாள்? அன்று அங்கே ஒருவரும் வந்திருக்கவில்லை. அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கேள்வியில் சந்தேகம் இல்லை, குறை இல்லை. கதவைத் திறந்துவிட்டுக் கேட்கிற குரலாக இருந்தது.

"வந்துட்டேன்" என்றார் மருதைமுத்து.

கமாலுதீன் முதல் நட்டை இறுக்கி, இரண்டாவதைத் தளர்த்தினார். கொளஞ்சி சாவியைத் திருப்பினார்.

"கையக் குடுங்க."

அவர் கையை நீட்டினார். டீசல் பட்டுக் கறுத்திருந்த கை, வைக்கோலுக்கு மேலே, ஒன்றுமில்லாத வெளியில், உள்ளங்கை மேலாக விரிந்து நின்றது. அதில் எதுவும் வந்து அமரவில்லை. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை இழுத்துக்கொள்ளாமல், அப்படியே வைத்திருந்தார். நீட்டிய கையை நீட்டியபடி வைத்திருப்பது தவிர வேறொன்றும் அவரால் செய்ய முடியவில்லை.

மூன்றாவது நட்டைத் தளர்த்துமுன் கமாலுதீன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். மருதைமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது குமிழியில் சொல் இல்லை. மூச்சு மட்டும் வந்தது; அடுப்பு வேலை எல்லாம் முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருகிறவள் விடுகிற மூச்சு. அது நீட்டிய கையின் மயிர்களை ஒரு தரம் அசைத்துவிட்டுத் தகரச் சாய்ப்பைத் தாண்டிப் போயிற்று. அந்தக் கணத்திலேயே என்ஜின் இருமிற்று, ஒரு முறை, இரண்டு முறை; அன்று எப்படி நின்றதோ அதே இருமலில் இன்று பிடித்துக்கொண்டு, புகைக்குழாயில் கரும்புகையைக் கக்கி, பிறகு வெள்ளைப் புகையாகி, பிறகு புகையே தெரியாமல், முற்றம் அதிர ஓடத் தொடங்கிற்று.

டிரெய்லரில் மருதைமுத்து வாய் திறந்து ஏதோ சொன்னார். நிறையவே சொன்னார். உதடு அசைவது எல்லோருக்கும் தெரிந்தது. என்ஜின் இரைச்சலில் அது ஒருவர் காதிலும் விழவில்லை.

தையல்நாயகி கொளஞ்சியைப் பார்த்து, கொக்கியைக் காட்டி, கழற்று என்று கையால் சொன்னாள். டிரெய்லரையும் அதில் இருந்தவரையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கலப்பையை மாட்டிக்கொண்டு டிராக்டர் போயிற்று. அன்று பொழுது சாய்வதற்குள் எத்தனை வயலை உழ முடியுமோ அத்தனையை உழுதார்கள். சின்னப்பொண்ணின் வயலில்தான் முதல் சால் ஓடிற்று, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வீட்டு நிலத்துக்குப் பதம் போதவில்லை. அந்த ஏழு வீட்டாரும் மருதைமுத்துவை ஒரு சொல் சொல்லவில்லை, அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கோயிலில் பண்டாரம் சாத்திய கதவைத் திறந்தார், மணியின் நாக்கிலிருந்து துணியை அவிழ்த்தார், அடித்தார். திதி உடம்பு போன ஐப்பசியிலா, மூச்சு போன புரட்டாசியிலா என்பது மட்டும் முடிவாகாமல் இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது. அதனால் இரண்டு நாளிலும் கொடுக்கிறார்கள்.

மருதைமுத்து வெயில் இறங்கியபிறகே டிரெய்லரை விட்டு இறங்கினார். முகம் தெளிந்ததென்றோ துயரம் தீர்ந்ததென்றோ சொன்னால் அது பொய்யாகும். சோறு உண்ணும்போது அவர் கை இன்னும் நடுவழியில் நிற்கிறது. ஆனால் மறுநாள் விடியற்காலையில், கோலமில்லாத வாசலில், அவர் விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி டாங்கில் விட்டு எடுத்து, நனைந்த இடத்தை விரலால் அளந்தார். அவருக்குப் பழக்கமில்லாத உரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி, டிரெய்லர் பக்கம் முகத்தைத் திருப்பி, "மூணு விரக்கடை" என்றார். எந்த வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. எல்லா வீட்டிலும் கேட்டது. அன்று முதல் ஒரு நாளும் தவறாமல் அந்தக் குரல் கேட்கிறது.

இதைக் கேட்டவர்க்கும், கேட்டதைப் பிறருக்குச் சொன்னவர்க்கும், அவர்தம் வீட்டார்க்கும் மூச்சாய் நிற்கின்ற எம்பெருமான் துணையிருப்பானாக; உங்கள் கை எந்த வேலையில் இருந்தாலும் உங்களைக் கூப்பிடுகிற குரல் முதல் முறையிலேயே உங்கள் நெஞ்சில் விழட்டும்; நீங்கள் கூப்பிடுகிற நாளில், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒருவர் வந்து உங்கள் பக்கத்தில் உட்காரட்டும்.